வன்னியில் மாட்டுக்கு வைக்கல் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் ஆவணி நடுப்பகுதியில் யாராவது ஒருவர் படலையில் வந்து நின்று, "அக்கா, ஒரு பத்துக் கட்டு வைக்கல் இருந்தால் தாங்கோ, காலபோகம் வெட்டினதும் திருப்பித் தாறன்" என்பார்கள். (காலபோகம் என்பது ஐப்பசி மழையோடு விதைத்து மாசி பங்குனியில் வெட்டும் நெற்போகம்.) இருந்தால் கொடுப்பேன். ஆனால் அதே ஆட்கள்தான் பங்குனியில் எங்கள் வீட்டுக்கு வைக்கல் ஏற்றி வந்த லான்ட்மாஸ்டரை (இருசில்லு உழவு மெசினை)ப் பார்த்து, "வயல் முழுக்கப் புல் கிடக்குது, இந்த மனுசிக்கு என்ன அவசரம்" என்று சிரித்திருப்பார்கள். எங்களுக்கு வட இலங்கையில், வன்னியின் விசுவமடுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல், ஐந்து மாடு, இரண்டு கன்று, ஏழு ஆடு. பெரிய பண்ணை எல்லாம் இல்லை. இருந்தாலும் கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால், திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வைக்கலைப் பற்றி எப்போது யோசிக்கத் தொடங்க வேண்டும்?

பட்டிப்பொங்கலன்று. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பூசி, மாலை போடும்போது எப்படியும் எல்லா மாட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பீர்கள். அன்றைக்கே எண்ணிக் கொள்ளுங்கள்: எத்தனை உருப்படி, எது சினை, எது கறவை, எந்தக் கன்று இந்த வருடம் வளர்ந்து பெரிய மாட்டின் பங்கைத் தின்னப் போகிறது. அருவிவெட்டு தொடங்க அப்போது சில கிழமைதான் இருக்கும். மாசி பங்குனியில் வெட்டு முடிந்த வயலில்தான் வைக்கல் மலிவு, சில இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வரும்போது வீட்டில் வைக்கல் போர் கட்டி மூடி முடிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு நானே வைத்திருக்கும் கெடு. அதற்குப் பிறகு வாங்குகிற வைக்கலுக்கு மற்றவன் சொல்வதுதான் விலை.

ஏன் இவ்வளவு முன்னே? வறட்சி ஆடியில்தானே தொடங்குகிறது?

எல்லாரும் வறட்சியை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். வன்னியில் மாட்டுக்கு இரண்டு பஞ்சம் வருகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் பஞ்சம்: ஆனியில் சோளகக் காற்று எழும்பினால் புல் சருகாகி, ஆடி, ஆவணி, புரட்டாதி மூன்று மாதமும் குளத்துக் கரையில்கூட மண்தான் இருக்கும். மற்றது பச்சைப் பஞ்சம். ஐப்பசியில் மழை இறங்கி எங்கு பார்த்தாலும் பச்சையாகத்தான் கிடக்கும், ஆனால் அந்தப் பச்சை எல்லாம் நெல். காலபோகக் கூட்டத்தில் விதைப்புக்கு நாள் குறித்து, மாட்டைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். வயல்வெளிக்குள் மாடு இறங்கினால் பிடித்துக் கட்டி வைப்பார்கள், இல்லையென்றால் தண்டம், இரண்டும் இல்லையென்றால் கத்திவெட்டு. காட்டோரம் கொண்டு போகலாம் என்றால், முந்தி மேய்ச்சல் தரையாக இருந்த இடங்களில் பல இப்போது வேலிக்குள் போய்விட்டன, மிச்சத்துக்குப் பட்டிக்காரர்கள் நூறு இருநூறு மாட்டோடு வந்துவிடுவார்கள். ஆகவே கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் கட்டி வைத்துத்தான் தீனி போட வேண்டும்.

2022 மார்கழியில் மண்டோஸ் புயல் நேரம் அடித்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஓரிரு நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த மாட்டுக்கு வயிறும் காலி என்றால் உடம்புச் சூட்டை எதை வைத்துக் காக்கும்? வைக்கல் தின்று அசைபோடும் மாட்டின் வயிற்றுக்குள் அது செமிக்கும்போது சூடு உண்டாகும். அந்த இரவு எங்கள் கொட்டிலில் படங்கு கட்டி, வாய்க்கு முன்னால் வைக்கலைக் குவித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டுக்குட்டி போய்விட்டது. மாடுகள் நின்றன.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நேராக ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

முதலில் மாட்டின் எடை தெரிய வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்னால் இடுப்பெலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, வந்ததை 10,840ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். எல்லா அளவும் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். எங்கள் சிவப்பிக்குச் சுற்று 150, நீளம் 135. கணக்கில் 280 கிலோ வந்தது. தராசு மாதிரித் துல்லியம் இல்லை, ஆனால் "நல்ல பெரிய மாடு" என்று கண்ணால் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை உலர்தீனி தின்னும். 300 கிலோ கலப்பினப் பசு என்றால் ஏறக்குறைய ஏழரைக் கிலோ. பச்சை எதுவும் இல்லாத வறட்சி நாளில் அதில் ஆறு கிலோ வைக்கலாகவும் மிச்சம் தவிடு, புண்ணாக்கு, குழையாகவும் போகும் என்று வையுங்கள். ஆடி நடுவிலிருந்து ஐப்பசி முடியும்வரை 110 நாள், நாளுக்கு 6 கிலோ, ஆக 660 கிலோ. பிறகு மாட்டைக் கட்டி வைக்கும் மழைக்காலம் 100 நாள். அப்போது வரம்புப் புல்லும் கொஞ்சம் அறுத்துப் போடலாம் என்பதால் நாளுக்கு 3 கிலோ, அது 300 கிலோ. இரண்டும் 960. காலால் மிதிப்பது, அடியில் ஊறுவது, காற்றோடு போவது என்று ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று நான் சேர்ப்பேன். முதல் வருடம் அதைச் சேர்க்காமல் விட்டுத் தை மாதம் மாமி வீட்டில் கையேந்தினேன். ஆக மொத்தம் 1,150 கிலோ.

200 கிலோ நாட்டு மாட்டுக்கு இதே கணக்கில் நாளுக்கு 4 கிலோவும் 2 கிலோவும் போட்டுப் பாருங்கள், 770 கிலோ அளவில் வந்து நிற்கும். கன்றுக்கு அரைப் பங்கு. எருமை வைத்திருப்பவர்கள் கலப்பினப் பசுவின் கணக்கையே எடுத்துக் கொஞ்சம் கூட்டிக் கொள்ளுங்கள்.

ஒரு ஏக்கரில் எவ்வளவு வைக்கல் வரும்?

நெல் எவ்வளவோ வைக்கலும் ஏறத்தாழ அவ்வளவு. 25 மூடை விளைந்த ஏக்கரில், மூடை 70 கிலோ என்றால், 1,750 கிலோ வைக்கல் வயலில் இருக்கும். ஆனால் வெட்டு மெசின் அடியில் ஒரு முழத்தை விட்டுவிட்டுத்தான் வெட்டும், துப்பியதில் கொஞ்சம் சேற்றோடு போகும். கட்டி எடுக்கக் கூடியது பாதிதான் என்று நினைத்துக் கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் ஒரு கலப்பினப் பசுவுக்கு ஒரு ஏக்கருக்கும் மேலே வேண்டும். எங்கள் ஒன்றரை ஏக்கர் ஐந்து மாட்டுக்குக் காணாது என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. கையால் வெட்டிச் சூடடித்த காலத்தில் தாள் முழுதாக வரும், மொட்டைக்கறுப்பன் மாதிரிப் பழைய நெல்லென்றால் தாளும் நீளம். அந்தக் கதையைப் பேசி என்ன செய்ய, இப்போது வெட்ட ஆள் இல்லை.

விளைச்சல் விழும் வருடத்தையும் மனதில் வைத்திருங்கள். 2021இல் இரசாயன உரம் நாட்டுக்குள் வராமல் நின்றபோது எல்லாரும் நெல்லுக்கு அழுதார்கள். அடுத்த மாசியில் வெட்டியபோது வைக்கலும் கட்டையாகக் கிடந்தது.

கட்டாக வாங்குவதா, பெட்டியாக வாங்குவதா?

கட்டாக. அதையும் தராசில் நிறுத்து வாங்குங்கள். எனக்கு இது காசு கொடுத்துப் படித்த பாடம். ஒரு வருடம் எங்கள் வயலில் வெட்டுப் பிந்தியதால் வைக்கல் கட்ட முடியாமல் போனது, ஆவணியில் ஒரு வியாபாரியிடம் ட்ராக்டர் பெட்டிக் கணக்கில் இரண்டு பெட்டி எடுத்தேன். தூரத்தில் வரும்போது மலை மாதிரி வந்தது. பறித்துப் பார்த்தால் மேலே மட்டும்தான் உதறி உதறிப் போட்ட புது வைக்கல். கையை உள்ளே விட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது, இழுத்ததும் வெள்ளைத் தூசி புகை மாதிரி எழும்பி மூக்கில் ஏறியது, உள்ளே கறுத்துப் போய்ப் பழைய சாக்கு மணம். மழையில் நனைந்து காயாமல் அடுக்கிய வைக்கல் அது. சிவப்பி மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கொண்டாள், நான் உப்புத்தண்ணி தெளித்துப் போட்டும் தொடவில்லை. பாதியைக் குப்பைக் குழிக்குத்தான் போட்டேன்.

இப்போது ட்ராக்டரில் பூட்டும் கட்டு மெசின் பல இடத்துக்கு வருகிறது. அது அடிக்கும் உருளைக் கட்டு 15 கிலோவும் இருக்கும், 20 கிலோவும் இருக்கும், மெசின்காரர் எவ்வளவு இறுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஐந்து கட்டை எடுத்து நெல் நிறுக்கும் தராசில் போட்டுச் சராசரி பாருங்கள். 16 கிலோ என்றால் மேலே சொன்ன கலப்பினப் பசுவுக்கு 72 கட்டு. எண்ணிக்கை இப்படிக் கையில் இருந்தால்தான் பேரம் பேசவும் வரும்.

நல்ல வைக்கல் என்று எப்படிப் பார்ப்பது?

நிறம் பொன் மஞ்சள், அடியில் இலேசாகப் பச்சை இருந்தால் இன்னும் நல்லது. மணம் நெல்லுக் களத்து மணமாக இருக்க வேண்டும். ஒரு பிடியை எடுத்து முறுக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும், கயிறு மாதிரி வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு காய்ந்த போத்தலில் கைப்பிடி உலர்ந்த உப்பும் சின்னதாக வெட்டிய வைக்கலும் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். உப்பு கட்டிபட்டு ஒட்டினால் அந்த வைக்கலை இன்னும் ஒரு வெயில் காயப் போட வேண்டும். வெட்டு மெசின் போன கையோடு கட்டு அடிக்க விடாதீர்கள், இரண்டு மூன்று நாள் வயலிலேயே வெயில் காயட்டும், நடுவில் ஒருமுறை பிரட்டிவிடுங்கள். அறுவடைக்குக் கிட்ட என்ன மருந்து அடித்தார்கள் என்று வயல்காரரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பூஞ்சணம் பிடித்ததை "கொஞ்சம்தானே" என்று சினை மாட்டுக்குப் போடக்கூடாது, கன்று விழுந்துவிடக்கூடும்.

போரை எங்கே, எப்படி வைப்பது?

மேட்டு நிலத்தில். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தபோது தாழ்வான வளவுகளில் இருந்த போர்கள் அப்படியே ஊறிப் போயின. வெள்ளம் வராத இடத்திலும் அடி ஈரம் ஏறும், கறையானும் ஏறும். பனங்குற்றியோ கல்லோ அடுக்கி, மேலே தடி பரப்பி, நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் பரண் மாதிரிச் செய்துவிட்டு அதன்மேல் அடுக்குங்கள். கீழே காற்று ஓட வேண்டும். மாடு எட்டாதபடி சுற்றி ஒரு வேலி, அது முள்ளுக்கம்பி என்றில்லை, கிளுவைக் கதியால் போதும்.

உதிரி வைக்கலென்றால் நடுவில் ஒரு கம்பம் நட்டு வட்டமாக மிதித்து மிதித்து ஏற்றி, நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட உயர்ந்திருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். மேலே கூம்பாக முடித்துக் கிடுகோ பனையோலையோ வேய்ந்தால் மழைத்தண்ணி வழிந்து ஓடும். எங்கள் அப்பு கட்டிய போரில் மார்கழி மழைக்குப் பிறகும் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே காய்ந்தே இருக்கும். எனக்கு அந்தக் கை வரவில்லை. அதனால் உருளைக் கட்டைக் கொட்டிலின் ஓரப்பக்கம் தகரத்தின் கீழ் அடுக்குகிறேன்.

அடுக்கி முதல் இரண்டு கிழமையும் இரண்டு நாளைக்கொரு தடவை உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் யோசிக்காமல் பிரித்துக் காயப் போடுங்கள். ஈரமாக அடுக்கியது உள்ளே வெந்து, சில வேளை தானாகவே பற்றிக் கொள்ளும். கையை விடும்போது தடியால் ஒருமுறை தட்டிவிட்டு விடுங்கள், எலிக்கு வந்த பாம்பு உள்ளே இருக்கும்.

தறப்பாள் போட்டு மூடினால் போதாதா?

மழை நேரம் போடலாம். வெயிலில் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஓரத்தைத் தூக்கிக் காற்றுக்கு வழிவிட்டுக் கட்டுங்கள்.

தீ?

அடுப்படிக்கும் குப்பை கொளுத்தும் இடத்துக்கும் போருக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும், சோளகம் வீசும் திசையையும் பார்த்து வையுங்கள். சுற்றிவரப் புல் செருக்கி வெறும் மண்ணாக விடுங்கள். வைக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு போராகப் பிரித்து வைப்பது என் வழக்கம், ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

வைக்கல் மட்டும் போட்டால் மாடு ஏன் மெலிகிறது?

வைக்கலால் வயிறு நிரம்பும், உடம்பு வைக்காது. அதில் புரதம் நூற்றுக்கு 4 பங்கு அளவில்தான், மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்ய அதைவிடக் கூட வேண்டும். நெல் வைக்கலில் மணற்சத்து (சிலிக்கா) அதிகம், செமிப்பது பாதியும் இல்லை. அதிலுள்ள ஒட்சலேற்று என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே வைக்கலோடு கூட மூன்று விசயம் கட்டாயம்: ஏதாவது பச்சைக் குழை, உப்போடு கனியுப்பு (மினரல்) கலவை, நிறையத் தண்ணி. கறவை மாடு வறட்சியில் வெறும் வைக்கல் தின்றால் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது லீற்றர் குடிக்கும். தண்ணி குறைந்தால் தீனியும் குறையும், சாணி கட்டியாகும், பிறகு வைத்தியரைத் தேடி ஓட வேண்டும்.

குழைக்கு நான் நம்புவது கிளிசரியா. வேலிக்கு நட்டால் கதியாலும் ஆச்சு, தீனியும் ஆச்சு. 2005இல் அரசாங்கம் அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது, நாங்கள் இன்னும் வேலித்தடி என்றுதான் பார்க்கிறோம். பழக்கமில்லாத மாடு அதன் மணத்துக்கு முகம் சுளிக்கும், வெட்டி ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் நாலைந்து நாளில் பழகிவிடும். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். இப்பில்-இப்பில், பூவரசு, முள்முருக்கு எல்லாம் நல்லதுதான். ஒன்றுமே இல்லாத நாளில் பனையோலையைக் கிழித்துப் போட்டு மாட்டைக் காப்பாற்றியவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

யூரியா போட்டு வைக்கலைப் பதப்படுத்தலாம் என்கிறார்களே, ஆபத்தில்லையா?

அளவோடு செய்தால் ஆபத்தில்லை, வைக்கல் மெதுவாகிச் செமிக்கவும் செய்யும், புரதமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அளவு இது: 100 கிலோ காய்ந்த வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 70 லீற்றர் தண்ணி. யூரியாவைத் தண்ணியில் ஒரு கட்டிகூட மிஞ்சாமல் கரையுங்கள். தரையில் பொலித்தீன் விரித்து வைக்கலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் சமமாகத் தெளித்து மிதித்து, அதன்மேல் அடுத்த படை. கடைசியில் பொலித்தீனால் காற்றுப் புகாமல் இறுக்கி மூடி மேலே பாரம் வைத்து 21 நாள் விடுங்கள். திறக்கும்போது கண் எரியும் அளவுக்கு நெடி அடிக்கும், வைக்கல் கடும் மஞ்சளாகி மெதுவாக இருக்கும். நெடி அடிக்காவிட்டால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது. தேவையான அளவை மட்டும் எடுத்து இரண்டு மூன்று மணித்தியாலம் காற்றாட விட்டுப் பிறகு போடுங்கள், முதல் கிழமை சாதா வைக்கலோடு கலந்து.

செய்யக்கூடாதவை: ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் போடக்கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு நிற்கும் பக்கம் வைக்கவே கூடாது, தாகத்தில் ஒரு வாய் இழுத்தாலும் போச்சு. "கூடப் போட்டால் கூடச் சத்து" என்று அளவை மீறவேண்டாம். மாடு நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு ஊதினால் அந்த நிமிடமே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். முதல் முறை செய்கிறவர்கள் கால்நடை வைத்தியர் பணிமனையில் ஒருமுறை கேட்டுக் கொண்டு செய்தால் நல்லது.

வைக்கலைத் தவிர வேறு எதைக் காயவைத்து வைக்கலாம்?

கச்சான் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி! இவ்வளவு கச்சான் போடும் ஊரில் கொடியைத் தோட்டத்தோடு விட்டுவிட்டு வருவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இலை உதிராமல் நிழற்காய்ச்சலாகக் காயவைத்துக் கட்டினால் வைக்கலைவிட இரண்டு மூன்று மடங்கு புரதம் அதில் இருக்கிறது. வவுனியாப் பக்கத்தில் உளுந்து, பயறு அடித்தபின் மிஞ்சும் கொடியும் கோதும் அப்படித்தான், கௌபிக் கொடியும். பெரிய மாட்டுக்கு வைக்கலோடு ஒரு கிலோ கலந்து போட்டால் மாடு வைக்கலையும் சேர்த்துத் தின்னும். பூஞ்சணம் பிடித்த கச்சான் கொடியை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், அந்த நஞ்சு பாலுக்கும் வரும்.

அப்புறம் கினிப்புல். தை கடைசியிலும் மாசியிலும் றோட்டோரமெல்லாம் ஆள் உயரத்துக்கு நிற்கும். பூப்பதற்கு முன் வெட்டி, வெயிலில் இரண்டு நாள் பிரட்டிப் பிரட்டிக் காயவைத்தால் பச்சை மாறாத உலர்புல் கிடைக்கும். பூத்து முற்றியபின் வெட்டினால் வைக்கலும் அதுவும் ஒன்றுதான். மழை இருட்டினால் அன்றைக்கு வெட்டாதீர்கள்.

சீஓ-3 புல் நட்டால் வைக்கலே தேவையில்லை என்கிறார்களே?

கிணற்றில் ஆவணியிலும் தண்ணி இருந்தால் நடுங்கள், முதல் வெட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல், பிறகு 45 நாளுக்கொரு வெட்டு என்று நன்றாகத்தான் வரும். ஆனால் நான் பார்த்த அளவில் தண்ணி குறையும்போது முதலில் மிளகாய்க்கும் கத்தரிக்கும்தான் இறைப்பார்கள், புல்லுக்கு எவரும் இறைப்பதில்லை. மழைக்காலத்தில் மிதமிஞ்சி வளர்வதைச் சின்னதாக வெட்டி, கொஞ்சம் வாடவிட்டு, மூடியுள்ள நீலப் பரலில் மிதித்து அடைத்துக் காற்றுப் புகாமல் மூடி ஒன்றரை மாதம் வைத்தால் ஊறுகாய்ப்புல் ஆகிவிடும். சோளத்தைப் பால்பிடித்து முற்றும் பருவத்தில் வெட்டி இப்படிச் செய்தால் இன்னும் விசேசம். திறந்தபின் தினமும் எடுக்க வேண்டும், விட்டுவிட்டு எடுத்தால் அழுகும்.

ஆட்டுக்கும் வைக்கல் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம், தின்னாது. நுனியைக் கடித்துவிட்டு மிச்சத்தில் படுத்துக் கொள்ளும். ஆட்டுக்குக் குழையும் கச்சான் கொடியும் பயற்றங்கொடியும்தான். தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள்.

வயலும் இல்லை, கையில் காசும் இல்லை. என்ன செய்வது?

வயல்காரரிடம் அருவிவெட்டுக்கு முன்னரே பேசி வையுங்கள். வெட்டு முடிந்து இரண்டாம் நாள் தீ வைக்கும் வயல்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தீக்கு முன்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும். "கட்டுக்கூலியை நான் கொடுக்கிறேன், பாதி எனக்கு" என்ற பேச்சுக்குப் பலர் இணங்குவார்கள். எருவுக்கு வைக்கல் என்பது இதைவிடப் பழைய வழக்கம்: வயலில் பத்து இரவு பட்டி அடைத்துக் கொடுத்தால் அவருக்கு உரம், உங்களுக்கு வைக்கல். உர விலை ஏறியபின் இதற்கு மரியாதை கூடியிருக்கிறது. பக்கத்து நாலு வீடு சேர்ந்து கட்டு மெசினை ஒரே நாளில் கூப்பிட்டால் வந்துபோகும் செலவும் குறையும். கமக்காரர் அமைப்பிலோ பால் சங்கத்திலோ ஒருவர் முன்னின்றால் இது நடக்கும், ஆனால் அந்த ஒருவருக்காகக் காத்திருந்து மாசி போய்விடும், நீங்களே பேசுங்கள்.

சிறுபோக வைக்கல் வரும்தானே, அதை நம்பலாமா?

ஆவணி புரட்டாதியில் வெட்டுவதால் மழை படாத நல்ல காய்ந்த வைக்கல் அது, கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் சிறுபோகம் குளத்துத் தண்ணியைப் பார்த்துத்தான். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எதுவானாலும் தண்ணிக்குத் தக்கபடிதான் ஏக்கர் ஒதுக்குவார்கள். ஏக்கர் குறைந்த வருடம் வைக்கலும் குறையும், வாங்க வருகிறவர்கள் கூடுவார்கள். காலபோக வைக்கலில் முழுக் கணக்கையும் முடித்துவிட்டு, சிறுபோகத்தில் கிடைப்பதை மழைக்காலத்துக்கு மேலதிகமாக வையுங்கள்.

கணக்குப் போட்டேன், எனக்கு வைக்கல் காணாது. மாட்டை விற்பதா?

விற்பதென்றால் வைகாசி, ஆனியில் விற்றுவிடுங்கள். மாடு அப்போது கொழுத்து நிற்கும். ஆவணியில் எல்லாரும் விற்க வருவார்கள், எலும்பு தெரியும் மாட்டுக்கு வந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். சினைபிடிக்காத கிழட்டு மாடு, தேவையில்லாத நாம்பன் (காளை), இவைதான் முதலில். பட்டிப்பொங்கலன்று எண்ணச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். போன தடவை நான் ஒரு நாம்பனை விற்க மனம் வராமல் இழுத்து இழுத்துப் புரட்டாதி வரை வைத்திருந்தேன், அது தின்ற வைக்கலின் விலையும் திரும்பி வரவில்லை. அவனுக்குப் பேர் வைத்ததுதான் பிழை.

வைக்கல் மிஞ்சினால்?

மிஞ்சட்டும். புது வைக்கல் வந்ததும் பழையதை முன்னுக்கு எடுத்து முதலில் போட்டு முடியுங்கள், பழையதன்மேல் புதியதை அடுக்கினால் அடியிலுள்ளது மூன்று வருடம் அங்கேயே கிடந்து மக்கும். தின்னக் கூடாததைக் கன்றுக்குப் படுக்கையாகப் போடலாம், மிளகாய்க்கன்றின் அடியில் மூடாக்குப் போட்டால் இறைப்பும் குறையும். இந்த வருடம் எனக்கு ஒன்பது கட்டு மிஞ்சியது. ஏழு கட்டைக் கடனாகக் கொடுத்தேன், நாலு திரும்பி வந்திருக்கிறது.